இரண்டு ஊர்களில் ஒரே மெயில்: ஃபெயில்ஓவர் கிளஸ்டரை முறையாக அமைக்க ஒரு வழிகாட்டி

"நம்ம மெயிலுக்கு ஒரு டி.ஆர். சைட் வேணும். வேற ஊர்ல ரெண்டு சர்வர் போட்டுருங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சர்வர் வாங்கி, ரேக்கில் ஏற்றி, கிளஸ்டரில் சேர்ப்பதெல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். மானிட்டரிங் திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும். ஒரு நாள் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள லிங்க் அறுந்துபோகும். அந்தப் பக்கம் சர்வர் செத்துவிட்டதா, லிங்க் மட்டும்தான் போனதா என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துக்கும் இதே குழப்பம். இப்போது எந்த ஊர் மெயிலைக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி, அதை ஒத்திகையும் பார்த்து வைத்திருக்க வேண்டும். இரண்டு தள ஃபெயில்ஓவரின் சாரம் அதுதான். மற்றவை கட்டளைகள், அவற்றைக் கற்றுக்கொள்வது கடினமில்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரை எடுத்துக்காட்டாக வைத்து, முதன்முறையாக இந்தப் பொறுப்பை ஏற்கும் அட்மின்களுக்காக இந்தக் கட்டுரை.

சர்வர் வாங்கும் முன் மூன்று பதில்கள்

வன்பொருள் பட்டியலைத் தயாரிக்கும் முன், நிர்வாகத்திடமிருந்து மூன்று பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

1. மெயில் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கலாம்? இதைத்தான் ஆர்.டி.ஓ. என்கிறோம்.
2. கடைசி எத்தனை நிமிட மெயில் தொலைந்தால் பொறுத்துக்கொள்ளலாம்? இது ஆர்.பி.ஓ.
3. "முதன்மைத் தளம் போய்விட்டது, மாற்றுத் தளத்துக்கு மாறுங்கள்" என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு? அவர் விமானத்தில் இருந்தால் அடுத்தவர் யார்?

முதல் இரண்டுக்கும் "ஜீரோ" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். 15 நிமிடத்துக்கு ஆகும் செலவையும் 4 மணி நேரத்துக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஐந்தே நிமிடத்தில் நியாயமான பதில் வரும்.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஓர் உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மெயில், உங்கள் சர்வர் கிடைக்கவில்லை என்றதும் தொலைந்துவிடாது. 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 என்னும் எஸ்.எம்.டி.பி. விதிமுறைப்படி, அனுப்பும் சர்வர் பொதுவாக 4, 5 நாளாவது மறுபடி மறுபடி முயல வேண்டும். ஆகவே சில மணி நேரம் படுத்திருந்தால் வர வேண்டிய மெயில் தாமதமாகுமே தவிர, பெரும்பாலும் அழியாது. ஊழியர்கள் உண்மையில் தவிப்பது, ஏற்கெனவே மெயில்பாக்ஸில் கிடக்கும் பழைய மெயில், காலண்டர், ஒப்பந்தப் பிரதிகளைத் திறக்க முடியாமல்தான். இரண்டாவது தளத்துக்குப் போட வேண்டிய பணமும் உழைப்பும் முதலில் அந்த மெயில்பாக்ஸ் டேட்டாபேஸுக்குப் போகட்டும்.

எந்த ஊர்?

ஒரே வளாகத்தின் இரண்டு கட்டடங்கள் இரண்டு தளங்கள் ஆகா. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் எஸ்.பி.ஜி. 2 டேட்டா சென்டர் முழுக்க எரிந்தது. பக்கத்திலிருந்த எஸ்.பி.ஜி. 1-இன் ஒரு பகுதியும் சேதமானது. அதே வளாகத்தின் மற்ற இரண்டும் எரியவில்லை. ஆனாலும் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்ததால் அவையும் அணைந்தன. பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் தரவு, பேக்கப் இரண்டையும் இழந்தார்கள்.

உங்கள் முதன்மைத் தளம் சென்னையில் இருந்தால் 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துத் தேர்வு செய்யுங்கள். ஒரே மழை, ஒரே மின்கட்டமைப்பு, ஒரே ஃபைபர் பாதை என்று எதையும் இரண்டு தளங்களும் பகிரக் கூடாது. கோயம்புத்தூர், பெங்களூரு, ஹைதராபாத் எதுவும் தூரத்தில் பிரச்சினை தராது. ஒரே குழுவாக இயங்கும் மெயில்பாக்ஸ் சர்வர்களுக்கு இடையே போய்த் திரும்பும் நேரம் 500 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பதே எக்ஸ்சேஞ்சின் வரம்பு. இந்தியாவுக்குள் எந்த இரண்டு நகரங்களுக்கும் இது தாராளம்.

தூரத்தைவிட ஃபைபர் பாதைதான் ஆபத்து. இரண்டு நிறுவனங்களிடம் லிங்க் வாங்கினாலும் இரண்டும் ஒரே பள்ளத்தில் ஓடலாம். இதற்குப் பொதுவெளியில் உள்ள பாடம் 2021 பிப்ரவரி 24. மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் வர்த்தகம் முற்பகல் 11.40 மணிக்கு நின்றது. இரண்டு சேவை நிறுவனங்களின் லிங்குகளிலும் கோளாறு என்று சந்தை அறிவித்தது. பிற்பகல் 3.45-க்குத்தான் வர்த்தகம் மீண்டும் தொடங்கியது. சென்னையில் மாற்றுத் தளம் இருந்தும் அன்று வர்த்தகம் அங்கே மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விளக்கம் கேட்டது. லிங்க் வாங்கும்போது, பாதை வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

டேக் எப்படி வேலை செய்கிறது?

எக்ஸ்சேஞ்ச் 2010-இல் வந்தது டேட்டாபேஸ் அவைலபிலிட்டி குரூப். எல்லோரும் "டேக்" என்கிறார்கள். ஒரு டேக்கில் 16 மெயில்பாக்ஸ் சர்வர்கள் வரை இருக்கலாம். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரே ஒரு ஆக்டிவ் காப்பி, மற்றவை பாஸிவ். நடக்கும் மாற்றங்கள் எல்லாம் 1 எம்.பி. அளவுள்ள லாக் கோப்புகளாக எழுதப்பட்டு, டி.சி.பி. 64327 போர்ட் வழியே பாஸிவ் சர்வர்களுக்குப் போகும். அங்கே அவை மீண்டும் ஓட்டப்பட்டு, அந்தக் காப்பியும் புதுப்பிக்கப்படும். இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் தேவையில்லை என்பதால்தான் இந்த அமைப்பு நடைமுறைக்கு எளிதானது.

அடியில் இயங்குவது விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர். ஆனால் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேனேஜரைத் திறந்து அங்கே எதையும் மாற்றாதீர்கள். எல்லா மாற்றத்தையும் எக்ஸ்சேஞ்ச் மேனேஜ்மென்ட் ஷெல் வழியாகவே செய்யுங்கள்.

நல்ல தொடக்க அமைப்பு, ஊருக்கு இரண்டு சர்வர். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் நான்கு காப்பிகள்: இங்கே இரண்டு, அங்கே இரண்டு. ஒரு சர்வர் படுத்தால் அதே ஊரில் உள்ள அடுத்த சர்வர் எடுத்துக்கொள்ளும்; ஊரையே மாற்ற வேண்டிய தேவை அரிதாகத்தான் வரும். மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் அமைப்பும் இதே நான்கு காப்பிதான். அதில் ஒன்று வேண்டுமென்றே பின்தங்கி ஓடும் காப்பி.

புதியவர்கள் மறப்பது ஆக்டிவ் டைரக்டரியை. மாற்றுத் தளத்தில் டொமைன் கன்ட்ரோலரும், குளோபல் கேட்டலாகும், டி.என்.எஸ்.ஸும் இல்லையென்றால் அங்கே உள்ள எக்ஸ்சேஞ்ச் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இன்னொன்று: எக்ஸ்சேஞ்ச் சர்வர்களுக்கு நடுவே போர்ட்டுகளைத் தடுக்கும் ஃபயர்வால் வைப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. நெட்வொர்க் குழுவிடம் இதை முதல் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள்.

லிங்க் எவ்வளவு வேண்டும்?

யூகிக்காதீர்கள், எண்ணுங்கள். வேலை மும்முரமான ஒரு மணி நேரத்தில் எத்தனை லாக் உருவாகிறது என்று பாருங்கள். கணக்குக்காக 5,000 என்று வைத்துக்கொள்வோம். 5,000 எம்.பி. என்பது 40,000 மெகாபிட். 3,600 விநாடியால் வகுத்தால் ஏறத்தாழ 11 எம்.பி.பி.எஸ். அந்தப் பக்கம் இரண்டு காப்பி என்றால் 22. அதற்கு மேல் மற்றப் போக்குவரத்து, வளர்ச்சி, லிங்க் விட்டுவிட்டு வந்தபின் தேங்கியதை அடித்துப் பிடிக்கும் வேகம் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள்.

முதல் முறை காப்பியெடுப்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள். 1 டி.பி. டேட்டாபேஸை 100 எம்.பி.பி.எஸ். லிங்கில் அனுப்ப, வேறு எந்தப் போக்குவரத்தும் இல்லாமலே, சுமார் 22 மணி நேரம் ஆகும். திங்கள் காலையில் இதைத் தொடங்கினால் ஊழியர்கள் எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள். வெள்ளி இரவில் தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. லிங்க் பல நாள் அறுந்து கிடந்தால், எல்லாக் காப்பிகளுக்கும் போய்ச் சேராத லாக்குகளைப் பொதுவாக எக்ஸ்சேஞ்ச் அழிக்காது. முதன்மைத் தளத்தில் லாக் டிஸ்க் நிரம்பும். நிரம்பியதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸே நின்றுவிடும். மாற்றுத் தளத்தின் கோளாறு முதன்மைத் தளத்தைச் சாய்க்கும் வழி இது. லாக் டிஸ்க்கில் சில நாளுக்கான இடத்தைக் கூடுதலாக வைத்து, 70 விழுக்காடு நிரம்பியதுமே எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள்.

வாக்குக் கணக்கு

கிளஸ்டர் வாக்கெடுப்பில் ஓடுகிறது. ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் கூடினால்தான் தீர்மானம் செல்லும் என்பது போல, மொத்த வாக்கில் பாதிக்கு மேல் கையில் உள்ள பக்கம்தான் இயங்க முடியும். இதுவே கோரம். நான்கு சர்வருக்கு நான்கு வாக்கு. இரண்டுக்கு இரண்டு என்று முடங்கிவிடாதிருக்க ஐந்தாவது வாக்கு ஒன்று வேண்டும். வேறொரு சர்வரில் உள்ள ஒரு சிறிய ஷேர் ஃபோல்டர்தான் அந்த வாக்கு. அதன் பெயர் ஃபைல் ஷேர் விட்னஸ். அது எந்த ஊரில் இருக்கிறது என்பதே உங்கள் வடிவமைப்பின் மிக முக்கியமான முடிவு.

முதன்மைத் தளத்தில் வைத்தால்: லிங்க் அறுந்தால் முதன்மைத் தளத்திடம் மூன்று வாக்கு, ஊழியர்களுக்கு எதுவும் தெரியாமலே மெயில் ஓடும். முதன்மைத் தளமே போய்விட்டால் மாற்றுத் தளத்திடம் ஐந்தில் இரண்டு வாக்குதான். அது தானாக எழாது. ஒரு மனிதர் எழுப்ப வேண்டும்.

மாற்றுத் தளத்தில் வைத்தால்: வெறும் லிங்க் அறுந்தாலே, ஊழியர்கள் உள்ள முதன்மைத் தளம் தன் டேட்டாபேஸ்களை இறக்கிவிடும். ஒரு பொக்லைன் கேபிளை வெட்டியதற்காக மொத்த அலுவலகமும் மெயில் இழக்கும். இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மூன்றாவது ஊரில் வைத்தால்: முதன்மைத் தளம் போனதும் மாற்றுத் தளம் விட்னஸைப் பிடித்து, மூன்று வாக்கோடு தானாக எழும். எக்ஸ்சேஞ்ச் 2013 முதல் இது நன்றாக ஆதரிக்கப்படுகிறது. அஷூரில் ஒரு மெய்நிகர் சர்வரை விட்னஸாக வைக்கவும் முடியும். ஒரு நிபந்தனை: மூன்றாவது இடத்துக்கான பாதை இரண்டு ஊர்களிலிருந்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். மாற்றுத் தளத்திலிருந்து விட்னஸுக்குப் போகும் பாதை முதன்மைத் தளத்தின் ரௌட்டர் வழியாகவே போகிறது என்றால், மூன்றாவது ஊருக்குச் செலவழித்தது வீண். ட்ரேஸ்ரூட் ஓட்டி உறுதி செய்யுங்கள்.

புதிய விண்டோஸ் பதிப்புகளில் டைனமிக் கோரம் உண்டு. சர்வர்கள் ஒவ்வொன்றாகப் படுக்கும்போது அது வாக்குகளைச் சரிசெய்துகொள்ளும். ஒரே நொடியில் ஓர் ஊரே மறையும் நேரத்தில் அதை நம்பி உட்கார முடியாது.

கட்டாயம் போட வேண்டிய ஒரு ஸ்விட்ச்

இந்த நிகழ்வை மனதில் ஓட்டிப் பாருங்கள். முதன்மைத் தளத்தில் மின்சாரம் போனது. நீங்கள் மாற்றுத் தளத்தை எழுப்பிவிட்டீர்கள். அங்கே மெயில் ஓடுகிறது. ஆறு மணி நேரம் கழித்து முதன்மைத் தளத்தில் மின்சாரம் வந்தது. லிங்க் இன்னும் வரவில்லை. அங்கே இரண்டு சர்வரும் விட்னஸும் சேர்ந்து மூன்று வாக்கு. "பெரும்பான்மை நம்மிடம்தான்" என்று அவையும் அதே டேட்டாபேஸ்களை ஏற்றிவிடும். ஒரே மெயில்பாக்ஸ் இரண்டு ஊர்களில், இரண்டு விதமான மெயிலோடு. இதைத்தான் ஸ்ப்ளிட் பிரெயின் என்கிறார்கள். அதன் பிறகு எந்த ஊர்க் காப்பியைத் தூக்கிப்போட்டாலும் யாரோ ஒருவருடைய மெயில் போகும்.

இதைத் தடுப்பது டி.ஏ.சி. மோட். இயல்பில் அது அணைந்தே இருக்கும். நீங்கள்தான் போட வேண்டும். போட்டபின், மறுபடி எழும் ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் அனுமதி இல்லை என்ற நிலையிலேயே தொடங்கும். டேக்கின் எல்லா உறுப்பினர்களையும் எட்ட முடிந்தால், அல்லது ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு சர்வரைச் சந்தித்தால் மட்டுமே டேட்டாபேஸை ஏற்றும். இரண்டு ஊர் டேக்கில் இதைப் போடாமல் விட எந்தக் காரணமும் இல்லை.

தானாக மாற வேண்டுமா, கையால் மாற்ற வேண்டுமா?

ஊருக்குள் தானாக, ஊர் விட்டு ஊர் மாறுவது மனிதர் முடிவால். பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களுக்கு என் பரிந்துரை இதுதான். விட்னஸை முதன்மைத் தளத்தில் வைத்து, மாற்றுத் தளத்தின் சர்வர்களில் தானியங்கி ஏற்றத்தைத் தடுத்துவிட்டால் இந்த ஒழுங்கு கிடைத்துவிடும்.

காரணத்துக்கு 2018 அக்டோபர் 21-ஐப் பாருங்கள். கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கும் அதன் நெட்வொர்க் மையத்துக்கும் இடையே தொடர்பு வெறும் 43 விநாடி அறுந்தது. தானியங்கிக் கருவி அதைப் பேரிடர் என்று எடுத்துக்கொண்டு, டேட்டாபேஸ் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. மேற்குக்குப் போய்ச் சேராத சில பதிவுகள் கிழக்கில் தங்கின. மேற்கில் புதிய பதிவுகள் சேர்ந்தன. இரண்டையும் இணைத்துச் சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. அங்கே இருந்தது மெயில் சர்வர் அல்ல, மைஎஸ்க்யூஎல். ஆனால் ஊர்விட்டு ஊர் மாறும் எந்தக் கிளஸ்டருக்கும் இந்த ஆபத்து பொது. சில விநாடித் தடங்கலுக்கு ஊர் மாறும் அமைப்பு உங்களுக்கு வேண்டாம்.

தானாகவே மாற வேண்டும் என்றால் மூன்றாவது ஊர் விட்னஸ், இரு தளங்களிலும் சம பலம், இரவும் பகலும் கண்காணிக்கும் குழு மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையால் மாற்றும் முறைக்கே வாருங்கள்.

மாற்றும் நாளில் வரிசை

1. அறிவிக்கும் அதிகாரம் உள்ளவர் சொன்னதை, நேரத்தோடு பதிவு செய்யுங்கள்.
2. முதன்மைத் தளச் சர்வர்கள் பாதியில் எழுந்து குறுக்கே வராமல் உறுதி செய்யுங்கள். முடிந்தால் பவரையே துண்டித்து வையுங்கள்.
3. அந்தச் சர்வர்களை டேக்கில் "நிறுத்தப்பட்டவை" என்று குறிக்கும் ஸ்டாப் கட்டளையை ஓட்டுங்கள்.
4. மாற்றுத் தளச் சர்வர்களில் கிளஸ்டர் சர்வீஸை நிறுத்துங்கள்.
5. ரீஸ்டோர் கட்டளையை ஓட்டுங்கள். அது போன சர்வர்களைக் கிளஸ்டரிலிருந்து விலக்கி, முன்பே குறித்துவைத்த மாற்று விட்னஸைக் கொண்டு கோரத்தை அமைக்கும்.
6. மாற்றுத் தளச் சர்வர்களில் தானியங்கி ஏற்றத்தைத் தடுத்திருந்தால் அந்தத் தடையை நீக்கி, டேட்டாபேஸ்கள் ஏறினவா என்று பாருங்கள். எத்தனை லாக் வந்து சேரவில்லை என்பதையும் குறியுங்கள். இயல்பு அமைப்பில் 6 லாக் வரை குறைந்தால் டேட்டாபேஸ் தானாக ஏறும். அதற்கு மேல் என்றால் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். குறைந்த மெயிலில் பெரும்பகுதியை சேஃப்டி நெட் மறுபடி தரும். வழங்கிய மெயிலின் பிரதியை அது இயல்பாக 2 நாள் வைத்திருக்கும்.
7. டி.என்.எஸ். முகவரிகளை மாற்றுங்கள், உள்ளே, வெளியே, கைபேசியில் என்று மூன்று விதமாகச் சோதியுங்கள்.

திரும்பி வருவதற்கு அவசரம் காட்டாதீர்கள். முதன்மைத் தளம் முழுவதும் நலமானபின், ஸ்டார்ட் கட்டளையால் அந்தச் சர்வர்களைச் சேர்த்து, விட்னஸைப் பழைய இடத்துக்கு மாற்றி, காப்பிகள் முழுக்க ஒத்துப்போன பிறகு, வேலை இல்லாத நேரத்தில் டேட்டாபேஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்.

டேட்டாபேஸ் ஏறியும் மெயில் ஓடாது என்றால்

கிளஸ்டர் சரியாக மாறியும் ஊழியர்களுக்கு மெயில் வராமல் போவது சின்னச் சின்ன விஷயங்களால்தான். இந்தப் பட்டியலை இன்றே சரிபாருங்கள்.

டி.என்.எஸ்.: மெயில் பெயர், ஆட்டோடிஸ்கவர் பெயர் இரண்டின் டி.டி.எல். 300 விநாடியாக இருக்கட்டும். ஒரு நாள் என்று விட்டிருந்தால், நீங்கள் மாற்றியதை உலகம் அடுத்த நாள்தான் கவனிக்கும்.

சான்றிதழ்: இரண்டு ஊர்களிலும் ஒரே பெயர்கள் கொண்ட டி.எல்.எஸ். சான்றிதழ் இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்தே புதுப்பியுங்கள்.

அனுப்பும் முகவரி: மாற்றுத் தளத்தின் பொது ஐ.பி. எஸ்.பி.எஃப். பதிவில் இல்லையா? அதற்கு ரிவர்ஸ் டி.என்.எஸ். இல்லையா? டி.கே.ஐ.எம். சாவி அங்கே இல்லையா? நீங்கள் அனுப்பும் மெயிலைப் பெறுபவர்கள் ஸ்பாம் ஃபோல்டரில் தேட வேண்டியிருக்கும்.

எம்.எக்ஸ்.: இரண்டாவது எம்.எக்ஸ். வைத்தால், ஸ்பாம் வடிகட்டலும் பயனர் பட்டியலும் முதல் தளத்தைப் போலவே அங்கேயும் இருக்கட்டும். ஸ்பாம் அனுப்புவோர் பாதுகாப்புக் குறைந்த வாசலைத்தான் தேடுவார்கள்.

ஐ.பி.யைப் பிடித்துத் தொங்குபவை: ஸ்கேனர், பில்லிங் மென்பொருள், ஈ.ஆர்.பி., யு.பி.எஸ். எச்சரிக்கை எல்லாம் பழைய சர்வரின் ஐ.பி.யை நேரடியாக வைத்திருக்கும். ஒவ்வொன்றையும் பெயருக்கு மாற்றுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், மாற்றும் நாளில் இதன் அருமை தெரியும்.

காப்பி வேறு, பேக்கப் வேறு

லாக் வழியாகப் போகும் காப்பி, தவறையும் அதே வேகத்தில் கொண்டுபோகும். சென்னையில் ஒருவர் அழித்தது சில விநாடியில் ஹைதராபாத்திலும் அழிந்துவிடும். ரேன்சம்வேர் வந்தாலும் அதே கதைதான். 2022 டிசம்பர் 2 அன்று ரேக்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஹோஸ்டட் எக்ஸ்சேஞ்ச் சேவை ரேன்சம்வேர் தாக்குதலால் நின்றுபோனது. வாடிக்கையாளர்களை மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்ற வேண்டிவந்தது.

ஆகவே நான்கில் ஒரு காப்பியைப் பின்தங்க விடுங்கள். 14 நாள் வரை பின்தங்கவிடலாம். மைக்ரோசாஃப்ட் பரிந்துரை 7 நாள். அதோடு, டொமைன் அட்மின் கணக்கு திருடுபோனாலும் எட்ட முடியாத ஓர் இடத்தில் தனி பேக்கப் வைத்திருங்கள். இதையும் சேர்த்தால்தான் திட்டம் முழுமை.

ஒத்திகை

மேலே சொன்ன பங்குச் சந்தை நிகழ்வுக்குப் பிறகு, 2021 மார்ச்சில் செபி சந்தை நிறுவனங்களுக்கான விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்தில் மாற்றுத் தளத்துக்கு மாற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் தொடர்ச்சியாக மாற்றுத் தளத்திலிருந்தே உண்மையான வர்த்தகம் நடத்திக் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த மூன்றாவது விதியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு அரை மணி நேரம் மாற்றித் திரும்புவது சடங்கு. ஒரு வேலை நாள் முழுக்க மாற்றுத் தளத்திலிருந்து மெயில் ஓடினால்தான் ஸ்கேனரும் பில்லிங்கும் கைபேசிகளும் தங்கள் உண்மையைச் சொல்லும்.

படிப்படியாகப் போங்கள். முதலில் ஊருக்குள் ஒரு டேட்டாபேஸை நகர்த்துங்கள். அடுத்து ஒரு துறையின் டேட்டாபேஸை ஊர்விட்டு ஊர் நகர்த்துங்கள். பிறகு லிங்கை மட்டும் துண்டியுங்கள். கடைசியாக முதன்மைத் தளம் முழுவதையும் அணையுங்கள். ஒவ்வொன்றிலும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுங்கள். நீங்கள் வாங்கிய ஆர்.டி.ஓ.வுக்கும் கையில் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அடுத்த ஆறு மாதத்துக்கான உங்கள் வேலைப்பட்டியல்.

நாளாந்தம் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: அனுப்பக் காத்திருக்கும் லாக் எண்ணிக்கை, வந்தும் ஓட்டப்படாமல் காத்திருக்கும் லாக் எண்ணிக்கை. மாற்றுத் தளத்தில் முதல் எண் ஏறிக்கொண்டே போனால், உங்கள் ஆர்.பி.ஓ. வாக்குறுதி உடைந்துகொண்டிருக்கிறது.

வழிமுறை ஏட்டை, தொலைபேசி எண்களோடு, அச்சடித்து இரண்டு ஊர்களிலும் வையுங்கள். மெயிலில் மட்டும் இருந்தால், மெயில் போன நாளில் அதைத் திறக்க முடியாது. அதை எழுதியவர் அல்லாத ஒருவர் படித்து ஒத்திகையை நடத்தட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

உங்கள் வளர்ச்சிக்கு

"எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே, இதைக் கற்க வேண்டுமா?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்தான் இனி வழி. தரவைத் தங்கள் கையில் வைத்திருக்க விரும்பும் நிறுவனங்கள் அதற்கு மாறுகின்றன. பழைய பதிப்பிலிருந்து மாற்றத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. லினக்ஸ் பக்கம் பேஸ்மேக்கர், கோரோசிங்க், டி.ஆர்.பி.டி. என்று பெயர்கள் மாறும். வாக்கும் விட்னஸும் ஸ்ப்ளிட் பிரெயினும் மாறா. எந்த டேட்டாபேஸ் கிளஸ்டருக்குப் போனாலும் இந்த அறிவு உங்களோடு வரும்.

பயிற்சிக்குச் செலவு அதிகமில்லை. 64 ஜி.பி. மெமரி உள்ள ஒரு கணினி, ஹைப்பர்-வி, விண்டோஸ் சர்வரின் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு, எக்ஸ்சேஞ்சின் 180 நாள் சோதனைக் காலம். மூன்று நெட்வொர்க் அமைத்து, நடுவே ஒரு மெய்நிகர் ரௌட்டர் வையுங்கள். லிங்கைத் துண்டியுங்கள். யார் இறங்கினார், யார் நின்றார் என்று எழுதுங்கள். விட்னஸை இடம் மாற்றி மறுபடி துண்டியுங்கள். டி.ஏ.சி. மோடை அணைத்து ஸ்ப்ளிட் பிரெயினை வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். லேபில் அதைக் கண்டவர் உண்மையான இரவில் பதற மாட்டார்.

நேர்காணலில் "டேக் அமைத்திருக்கிறேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். விட்னஸை எங்கே வைத்தீர்கள், ஏன், லிங்க் அறுந்தபோது என்ன நடந்தது, ஒத்திகையில் எத்தனை நிமிடம் ஆனது என்று சொல்லுங்கள். இந்த நான்கு பதில்களும் உங்களிடம் இருந்தால் கேட்பவருக்கு உடனே புரியும்: இவர் கையால் செய்தவர்.

இந்த வாரம் மூன்று வேலைகளை முடியுங்கள். டி.ஏ.சி. மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்னஸ் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அது அங்கே இருப்பதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த ஒத்திகைக்கு நிர்வாகத்திடம் ஒரு தேதி வாங்கி, அன்று லிங்கைத் துண்டிப்பவர் யார், மாற்ற உத்தரவிடுபவர் யார் என்ற இரண்டு பெயர்களையும் அதன் எதிரே எழுதிவையுங்கள்.